அமெரிக்காவிலிருந்து சொகுசுக் கப்பலில் செல்வோருக்குப் பாஸ்போர்ட் தேவையா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் டெக்சஸ் மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அதனுடன் இந்தக் கேள்வியும் தவறாமல் வரும். பிறப்புச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால் போதும், பாஸ்போர்ட்டே வேண்டியதில்லை என்று யாராவது ஒருவர் உடனே பதில் எழுதுவார். அவர் சொல்வது பொய்யன்று. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவருக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் கேட்டவர் எச்-1பி எனும் வேலை விசாவில் இருப்பவராக இருக்கலாம். அவருடைய குழந்தை அமெரிக்காவில் பிறந்திருக்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் பி-2 எனும் சுற்றுலா விசாவில் தங்கியிருக்கலாம். ஒரே குடும்பமாகக் கப்பலேறும் இவர்களில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விதி பொருந்துகிறது என்பதைச் சொல்லாமல் தரப்படும் பதில் தீங்கு விளைவிக்கக்கூடியது என்று நான் உறுதியாக நம்புவதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கக் குடிமக்களைப் பார்த்துவிடலாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 2004இல் இயற்றப்பட்ட உளவுத்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் தொடர்ச்சியாக, கனடா, மெக்சிகோ, கரீபியத் தீவுகள் முதலிய அண்டைப் பகுதிகளிலிருந்து திரும்பும் குடிமக்களும் உரிய பயண ஆவணத்தைக் காட்டவேண்டும் என்ற நடைமுறை வந்தது. தரைவழியாகவும் கடல்வழியாகவும் வருவோருக்கு அது 2009 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கப்பல் பயணிகளுக்கு ஒரு சலுகை உண்டு. ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு, அண்டைப் பகுதிகளுக்குச் சென்று, அதே துறைமுகத்துக்குத் திரும்பிவரும் கப்பலாக இருந்தால், குடிமக்கள் பிறப்புச் சான்றிதழையும் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையையும் காட்டித் திரும்ப நுழையலாம். 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே போதும். பிறப்பால் அன்றிப் பின்னர் குடியுரிமை பெற்றவர்கள், பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் குடியுரிமைச் சான்றிதழைக் கொண்டுசெல்ல வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: குழந்தை பிறந்தவுடன் மருத்துவமனையில் பாதச்சுவடு பதித்துத் தரும் அழகான தாள் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. மாநில அரசோ உள்ளூர் நிர்வாகமோ வழங்கிய சான்றளிக்கப்பட்ட பிரதிதான் ஏற்கப்படும்.

கால்வெஸ்டனில் ஏறி மயாமியில் இறங்குவதுபோல ஒரு துறைமுகத்தில் தொடங்கி மற்றொன்றில் முடியும் பயணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. கப்பல் அடையும் சில தீவுகள் தங்கள் சட்டப்படி பாஸ்போர்ட் கேட்கவும் செய்யும். அமெரிக்கா திரும்ப அனுமதிக்கிறது என்பதால் அந்தத் தீவும் அனுமதித்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை.

சலுகை இருந்தாலும், குடிமக்களும் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்வதே நல்லது என்பேன். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் கரைக்கு இறங்கியவர் குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் கப்பல் அவருக்காகக் காத்திருக்காது. நடுவழியில் உடல்நலம் குன்றினால் அயல்நாட்டு மருத்துவமனையில் இறக்கிவிடவும் நேரலாம். அங்கிருந்து வீடு திரும்ப விமானம்தான் வழி. பன்னாட்டு விமானத்தில் ஏறப் பாஸ்போர்ட் புத்தகம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் உதவாது. தரைவழிக்கும் கடல்வழிக்கும் மட்டுமே செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அட்டையும் அப்போது பயன்படாது. தூதரகத்தை அணுகி அவசர பாஸ்போர்ட் பெற்ற பிறகே கிளம்ப முடியும். கோசுமெல் போன்ற தீவில் மாட்டிக்கொண்டவர் அதற்காகக் கடலைக் கடந்து மெரிடா நகரத்து அமெரிக்கத் துணைத் தூதரகம் வரையிலும் போகவேண்டி வரலாம்.

இனி அயல்நாட்டுக் குடிமக்களான நம்மவர்களின் நிலையைப் பார்க்கலாம். இங்கேதான் செய்தியின் முழுக் கனமும் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களில் நாம் காணும் பெருங்கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பகாமாஸ், பனாமா போன்ற அயல்நாட்டுக் கொடியேற்றியவை. 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சேவைச் சட்டப்படி, அத்தகைய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றியிறக்கக் கூடாது. அதனால்தான் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா செல்லும் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரமாவது நின்றுவிட்டு வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலிருந்து கிளம்பும் கப்பல் மெக்சிகோவின் என்செனாடாவைத் தொடுகிறது. ஹவாய்த் தீவுகளை மட்டும் சுற்றிவரும் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' அமெரிக்கக் கொடியேற்றியதாகையால் அதற்கு மட்டும் அந்தத் தேவை இல்லை. ஆகவே கரைக்கு இறங்கினாலும் இறங்காவிட்டாலும், அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொடும் கப்பலில் சென்றவர் நாட்டை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறார். குடிமகனுக்கு அது ஒரு சிறு சரிபார்ப்பு. விசாவில் இருப்பவருக்கோ அது விமான நிலையத்தில் நடப்பதற்கு எந்த வகையிலும் குறையாத முழு நுழைவுச் சோதனை.

எச்-1பியில் இருப்பவர்களில் பலருக்கு நிலை சரியாக இருக்கும். அதற்கான ஐ-797 ஒப்புதல் கடிதம் கையில் இருக்கும். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட விசா காலாவதியாகியிருக்கும். நாட்டுக்குள் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. வெளியே போய் வருவதற்குத்தான் விசா வேண்டும். இவர்களிடம் சிலர், தானியங்கி மறுசெல்லுபடி என்று ஒரு விதி இருக்கிறது, தைரியமாகப் போங்கள் என்று சொல்கிறார்கள். அப்படியொரு விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதன் எல்லைகளை ஊன்றிப் படிக்கவேண்டும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் சென்று, 30 நாட்களுக்குள், செல்லுபடியாகும் ஐ-94 பதிவுடன் (எந்தத் தேதிவரை தங்கலாம் என்பதைக் காட்டும் நுழைவுப் பதிவு) திரும்புபவருக்கு, காலாவதியான விசா அந்த ஒரு நுழைவுக்காக நீட்டிக்கப்பட்டதாகக் கருதப்படும். இடையில் அங்கே புது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. பகாமாஸ், ஜமைக்கா உள்ளிட்ட அண்டைத் தீவுகளுக்குச் சென்றுவருவோருக்கும் இது நீளும். ஆனால் எஃப், ஜே விசாக்களில் இருக்கும் மாணவர்களுக்கும் பரிமாற்றப் பயணிகளுக்கும் மட்டுமே. கியூபா மட்டும் அந்தத் தீவுகளில் சேராது. எச்-1பிக்கு அண்டைத் தீவுகள் பொருந்தவே பொருந்தாது.

இதைக் கால்வெஸ்டன் கப்பல்களோடு பொருத்திப் பாருங்கள். கோசுமெல், புரோகிரேசோ என்று மெக்சிகோத் துறைமுகங்களை மட்டும் தொட்டுத் திரும்பும் பயணமாக இருந்தால், எச்-1பிக்காரர் விதியின் எழுத்துக்குள் நிற்கிறார். அதே கப்பல் அடுத்த வாரம் ஓந்துராசின் ரோவாட்டான் தீவையும் பெலீசையும் சேர்த்துக்கொண்டால், அவை அண்டை நாடும் அல்ல, சட்டம் பெயர் சொல்லும் அண்டைத் தீவும் அல்ல. மாணவருக்குக்கூட அப்போது விதி துணை நிற்காது. வானிலை கெட்டால் கப்பல் தன் துறைமுகங்களை மாற்றிக்கொள்வது வழக்கம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். மேலும், துறைமுகத்தில் நம் ஆவணங்களை முதலில் பார்ப்பவர் குடிவரவு அதிகாரி அல்லர், கப்பல் நிறுவனத்தின் ஊழியர். காலாவதியான விசாவைக் கண்டால் அவர் ஏற்ற மறுக்கலாம். விதியின் நகலை எடுத்துக் காட்டினாலும் ஏற்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. விசா காலாவதியான நண்பர் யாராவது என்னிடம் கேட்டால், ஊருக்குப் போய் விசா புதுப்பித்து வந்த பிறகு கப்பல் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பித்துவிட்டு வேலை அனுமதி அட்டையில் பணிபுரிபவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். முன்பயண அனுமதி (அட்வான்ஸ் பரோல்) பெறாமல் வெளியேறினால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். எச், எல் விசா நிலையைத் தொடர்ந்து காத்துவந்து, அதே நிலையில் திரும்ப நுழைபவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. பல ஆண்டுகள் வரிசையில் காத்திருந்து கிடைத்த வாய்ப்பை நான்கு நாள் உல்லாசப் பயணத்துக்காக இழப்பதைப் போன்ற வேதனை வேறில்லை. கிரீன் கார்டு ஏற்கெனவே பெற்றவர்கள் அந்த அட்டையைக் காட்டி அமெரிக்காவுக்குள் திரும்பலாம். ஆயினும் இடையில் வரும் நாடுகளுக்காக இந்திய பாஸ்போர்ட்டையும் வைத்திருக்கவேண்டும்.

ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கப்பலில் அழைத்துச் செல்ல விரும்பாத பிள்ளைகள் இல்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கான பலமுறை நுழைவு விசா இருக்கும். அதனால் சிக்கல் எழாது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் விசா பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டின் மூலை வெட்டப்பட்டு ரத்து முத்திரை குத்தப்பட்டிருக்கும். விசாவே ரத்தாகாதவரை அது செல்லும். ஆகவே பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்துச் செல்லவேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் டாலஸிலிருந்து காரில் துறைமுகம் வந்து சேர்ந்த பிறகு, பழைய பாஸ்போர்ட் வீட்டு அலமாரியிலேயே இருப்பது தெரியவந்து, அந்த வயதான தம்பதியர் கப்பலேற முடியாமல் போயிற்று. மகனும் அவர்களோடு திரும்பிவிட்டார். அவர்கள் பட்ட ஏமாற்றத்தை நேரில் கேட்டபோது எனக்கு மனம் மிகவும் வருந்தியது.

இன்னொன்று: கப்பலில் போய்வந்தால் பெற்றோருக்குப் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று எண்ணுவோரும் உண்டு. அண்டை நாடுகளுக்கும் தீவுகளுக்கும் 30 நாட்களுக்குள் போய்வருவோருக்குப் பொதுவாக முந்தைய ஐ-94இன் மீதிக் காலமே தொடரும். அந்த எண்ணத்துடன் கப்பல் பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயரில் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாமல், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு வாழ்பவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயரின் இடத்தில், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற எழுத்துகள் அச்சாகிவிடுகின்றன. கப்பல் முன்பதிவுப் படிவமோ இரண்டு பெயர்களையும் கேட்கிறது. வாய்க்கு வந்தபடி நிரப்பாமல், பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் உள்ளதை முன்வைத்து, எப்படிப் பதியவேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடமே கேட்டு எழுதுவது நல்லது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்குத் தகப்பனாரின் பெயரே கடைசிப் பெயராக இருப்பதால், தாயின் பெயரோடு அது ஒட்டாது. தாய் மட்டும் குழந்தையை அழைத்துச் செல்லும்போது, தாய் பெயர் குறித்த பிறப்புச் சான்றிதழும், தகப்பனார் ஒப்புதல் தந்து நோட்டரி சான்றளித்த கடிதமும் கையில் இருந்தால் வீண் விசாரணையைத் தவிர்க்கலாம். குழந்தையிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அது இந்தியாவுக்குச் சென்று தங்குவதற்கானது. இங்கே அதற்கு வேலையில்லை.

அலாஸ்கா பயணத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். மெக்சிகோ, செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியரிடம் தன் விசாவைக் கேட்பதில்லை. கனடா அப்படியல்ல. அமெரிக்க விசா எத்தனை ஆண்டுகளுக்கு இருந்தாலும் இந்தியக் குடிமக்களுக்குக் கனடாவின் வருகையாளர் விசா வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அவர்களும் பாஸ்போர்ட்டும் அட்டையும் சேர்த்துக் காட்டவேண்டும். விக்டோரியாவில் கப்பல் ஒரு மாலைப்பொழுது மட்டுமே நிற்கிறது, நாங்கள் இறங்கப்போவதில்லை என்ற எண்ணத்தில் விசா எடுக்காமல் சியாட்டிலுக்கு விமானம் ஏறிவிடாதீர்கள். ஏறும் இடத்திலேயே அதைக் கேட்பார்கள். கனடா விசாவுக்குக் கைரேகைப் பதிவும் காத்திருப்பும் இருப்பதால், கப்பல் சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

திரும்பி வந்து பெட்டிகளோடு வீடு சேர்ந்த அன்றே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் குடும்பத்தில் ஒவ்வொருவரின் ஐ-94ஐயும் இறக்கிப் பாருங்கள். துறைமுகத்தில் புது ஐ-94 பதிவானால், முன்பு கையில் இருந்த ஐ-797இன் தேதியைவிட அதுவே முன்னிற்கும். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால், எச்-1பி ஒப்புதல் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தாலும், அதிகாரி பாஸ்போர்ட் முடியும் தேதி வரைதான் அனுமதித்திருக்கக்கூடும். அதை அறியாமல் அந்தத் தேதியைக் கடந்துவிட்டால் சட்டவிரோதமாகத் தங்கியதாகிவிடும். தேதி குறைந்திருந்தால், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு, அந்தத் தேதி முடிவதற்குள் நிறுவனத்தின் வழக்கறிஞர் வழியாக நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கவேண்டும். பதிவில் வெறும் எழுத்துப்பிழையோ தவறான விசா வகையோ இருந்தால், அத்துறையின் ஒத்திவைக்கப்பட்ட ஆய்வு (டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன்) அலுவலகங்களில் ஒன்றை அணுகித் திருத்திக்கொள்ளலாம்.