நீலமா, ஊதாவா

ஏப்ரல் 11

அக்கா லண்டன் கியூ தோட்டத்திலிருந்து நாற்பத்திரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறாள். டாஃபடில், டூலிப், செர்ரி. அங்கே வசந்தம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கைப்பேசியை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "எல்லாம் செவ்வந்திதானே?" என்றார். வெள்ளை டூலிப்பும் அவருக்கு மஞ்சள்தான்.

அம்மாவின் கண்ணுக்கு எட்டும்படி இந்தப் படங்களைத் திருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். மடிக்கணினியில் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் இருக்கிறது. ராத்திரியில் எனக்கும் தூக்கம் வருவதில்லை.

ஏப்ரல் 12

டாஃபடிலில் ஆரம்பித்தேன். சாச்சுரேஷனை, அதாவது வண்ணச் செறிவை, ஏற்ற ஏற்ற மஞ்சள் பளீரென்று வந்தது, இதழில் இருந்த வரிகள் காணாமல் போயின. ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் உச்ச அளவான 255-இல் போய் முட்டி நிற்கின்றன. அதற்கு மேல் ஏற இடமில்லை. திரையில் மஞ்சள் என்பது அந்த இரண்டும் சேர்ந்ததுதான், அதனால் பூ வெறும் மஞ்சள் அட்டையாகிவிட்டது. வண்ணத்தைக் குறைத்துப் பின்னால் இருந்த புல்லை இருட்டாக்கினேன். அம்மா உடனே, "ஆறு இதழ், நடுவில ஒரு குழல்" என்று எண்ணிச் சொன்னார்.

வண்ணம் வேண்டியதில்லை, வேறுபாடுதான் வேண்டும். இது முன்பே புரிந்திருக்கலாம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவில்லை, அம்மாவால் படியேற முடியாது. லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரம் வாங்கி வந்தேன். விரலால் தடவிப் பார்த்துத்தான் மல்லிகை என்றார்.

ஏப்ரல் 17

அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனது. இரத்தச் சர்க்கரை 15 மில்லிமோல், மிக அதிகம்.

ஏப்ரல் 18

நேற்று முழுக்கக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. காலை ஏழு மணியிலிருந்து பசியாறாமல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், சர்க்கரை அதிகமாக இருக்கும்போது கண்ணைத் தொட்டால் கிருமி பிடிக்கலாம். ஆனாலும்.

இரவு செர்ரிப் படத்தை எடுத்தேன். புகைப்படக்காரர் மைக்கேல் ஆர்ட்டன் 1980-களில் ஸ்லைடு பிலிமில் செய்த வித்தை ஒன்று உண்டு: தெளிவான ஒரு ஸ்லைடும் மங்கலான ஒரு ஸ்லைடும், இரண்டையும் வெளிச்சம் கூட்டி எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பது. பூ கனவில் வருவது போல் ஒளிரும். கிம்பில் லேயரை, அதாவது பட அடுக்கை, நகலெடுத்து, ஸ்கிரீன் மோடில் வெளுக்க வைத்து, அதற்கு மேல் காஸியன் ப்ளரால் மங்கலாக்கிய இன்னொரு லேயரை, கீழே உள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை மோடில் வைத்தால் வந்துவிடும். வந்தது. இதுவரை நான் செய்ததில் இதுதான் அழகு.

அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு எல்லாமே இப்படித்தாம்மா தெரியுது" என்றார்.

மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 22

சர்க்கரை 9. மைலோ பானப்பொடி டின்னை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

ஏப்ரல் 26

இன்று புளூபெல் பூவின் படம் வந்தது. கியூவில் ராணி சார்லட் குடிசையைச் சுற்றி மரங்களுக்கு அடியில் தரை முழுக்கப் பூத்திருக்கிறதாம். படத்தில் ஊதா. "நீலம்டி, நேரில் பார்த்தா நீலம்" என்கிறாள் அக்கா. எனக்கு ஊதாதான் தெரிகிறது.

யோசித்துப் பார்த்தேன். புதுத் தளிர்களுக்கு அடியில் வெளிச்சமே பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையைச் சரிக்கட்ட கேமரா தானாக, சிவப்பும் நீலமும் கலந்த மஜெண்டாவைச் சேர்க்கும். அந்த மஜெண்டா நீலப் பூவின் மேலும் விழுந்தால் ஊதாதான். டிண்ட் என்ற பச்சை-மஜெண்டா அளவைப் பச்சைப் பக்கம் தள்ளினேன். பூ நீலமானது, மரப்பட்டை பாசி பிடித்த மாதிரி ஆனது. சுருக்கிய ஜேபெக் கோப்பு வேறு, அதிகம் இழுத்தால் நிழலெல்லாம் திட்டுத்திட்டாக உடைகிறது. அக்கா ரா (RAW) என்ற மூலக் கோப்பு வடிவில் எடுத்திருக்கலாம்.

கியூ என்றதும் அம்மா, "பால்மரக் கன்று அங்கேருந்துதானே வந்துச்சு?" என்று கேட்டார். ஆமாம். 1877-இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அம்மா இருபது வருடம் பால் வடிய ரப்பர் மரப்பட்டையை வெட்டியவர், விடியுமுன் நெற்றி விளக்கோடு. அந்த விளக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார், பூவைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 30

புளூபெல், ஏழாவது நகல். பூவை மட்டும் தனியாகப் பிரிக்கும் மாஸ்க் போட்டு, ஹியூவை, அதாவது நிறச்சாயலை, நகர்த்தினேன். எது சரி என்று எப்படித் தெரியும்? அக்காவின் ஞாபகம்தான் ஒரே அளவுகோல்.

ஓவியர் மோனேவுக்கும் கண்புரை. 1923-இல், 82 வயதில், வலது கண்ணில் மட்டும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று வருந்தினாராம். இடது கண்ணைத் தொடவே விடவில்லை. அதைப் படித்துவிட்டு ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்தேன். அம்மாவும் ஒரு கண் போதும் என்று சொல்லிவிட்டால்?

மே 6

வலது கண் முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மே 7

கண்மூடியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சாமி படத்தில் இருந்த மல்லிகையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் மறுபடியும் பார்த்தார்.

மே 9

சொட்டு மருந்து ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து. குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது.

இன்று ஒன்று தோன்றியது. அம்மாவை வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் செர்ரிப் படத்தைப் பார்க்கச் சொன்னேன். பிறகு இடது கண்ணை மூடி, வலதால். நான் ஸ்லைடரை நகர்த்த நகர்த்த, "இடதுல தெரிஞ்சது இது மாதிரியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நீலத்தைக் குறைத்தேன். "இன்னும்." இன்னும் குறைத்தேன். "வெளிச்சமும் கம்மி." குறைத்தேன். "இவ்வளவு தெளிவு இல்ல."

மூடி வைத்த ஆர்ட்டன் படத்தைத் திறந்து அதிலும் மஞ்சளை ஏற்றினேன். "இதுதான்" என்றார்.

இத்தனை வருடம் அம்மா பார்த்த உலகம் திரையில் இருந்தது. என் முகத்தையும் இப்படித்தான் பார்த்திருக்கிறார். அதை அழிக்கவும் முடியவில்லை, சேமிக்கவும் கை வரவில்லை. கடைசியில் சேமித்தேன்.

அப்புறம் புளூபெல். ஏழு நகல்களையும் வரிசையாகக் காட்டினேன். இடது கண்ணுக்கு ஏழும் சாம்பல். வலது கண்ணால் வெகுநேரம் பார்த்தார். "நீலமும் இல்ல, ஊதாவும் இல்லம்மா. சங்குப்பூ ஊறுன நீலத் தண்ணியில எலுமிச்சை ஒரு சொட்டு விட்டதும் ஊதாவாக் கலங்குமே, அந்த நேரம்."

அக்காவிடம் சொன்னேன். "அதேதான்டி" என்றாள்.

மே 10

இடது கண்ணுக்கும் தேதி கேட்கச் சொல்லிவிட்டார். தானாகவே.

சங்குப்பூ பக்கத்து வீட்டு வேலியில் இருக்கிறது. நாளை காலை பத்துப் பூ கேட்டு வாங்கி, கண்ணாடிக் குவளையில் வெந்நீர் ஊற்றி, ஜன்னலோரம் வைத்துப் படமெடுக்க வேண்டும். எலுமிச்சையை அம்மா பிழியட்டும்.