வலது எஞ்சினின் மூன்றாவது சிலிண்டர்

நானும் நண்பரும் சேர்ந்து வாங்கிய பைப்பர் ட்வின் கமான்சி என்ற இரட்டை எஞ்சின் விமானம் ஒஹையோவில் ஒரு சிறிய விமானத்தளத்தில் நிற்கிறது. லைகமிங் ஐஓ-320 எஞ்சின் இரண்டு, தலா 160 குதிரைத்திறன். போன வசந்தத்தில் ஆண்டுப் பரிசோதனை வந்தபோது மெக்கானிக்கோடு நானும் கூட நின்று வேலை செய்தேன். ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது போன்றவற்றை பைலட் லைசென்ஸ் உள்ள உரிமையாளரே செய்ய அமெரிக்க விதி இடம் கொடுக்கிறது. மற்ற வேலைகளில் மெக்கானிக்கின் மேற்பார்வையில்தான் கை வைக்கலாம்.

முதலில் கம்ப்ரெஷன் சோதனை. எஞ்சின் சூடு ஆறுவதற்குள், பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக 80 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காற்றை விடுவார்கள். அதில் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று இன்னொரு கேஜ் சொல்லும். ப்ரொப்பெல்லரை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்தாலும் பிளேடு சுழன்று ஆளை அடித்துவிடும். இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யவே செய்யாதீர்கள்.

இடது எஞ்சினில் 74, 75, 73, 76. வலதில் 74, 72, அப்புறம் 58. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 60க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்பது லைகமிங்கின் வழிகாட்டல்.

மெக்கானிக் என்னைப் புகைக்குழாயில் காது வைக்கச் சொன்னார். உஸ்ஸென்று சீறியது. ஆயில் ஊற்றும் துளையில் சீறினால் கசிவு பிஸ்டன் ரிங்கில். புகைக்குழாயில் சீறினால், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வில். அடுத்து போர்ஸ்கோப், அதாவது சிலிண்டருக்குள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கேமரா. வாங்குகிறவர்கள் முனை வளைந்து திரும்பும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நேராக மட்டும் பார்க்கும் கேமராவுக்கு வால்வ் முகம் சிக்காது. மற்ற ஏழு வால்வுகளிலும் நடுவில் செம்மண் நிறம், சுற்றிலும் ஒரே அகலத்தில் வளையம். மூன்றாவதில் மட்டும் வளையம் ஒருபக்கமாக ஒதுங்கி, விளிம்பில் பிறை போலப் பச்சைத் திட்டு. வால்வ் அந்த இடத்தில் சரியாக உட்காராமல் சூடேறியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஏழு நல்ல வால்வுகள் இருந்ததால்தான் என் கண்ணுக்கே அது பட்டது.

ஆயில் ஃபில்டர்களைக் கழற்றும் முன்பே மார்க்கரால் இடது, வலது என்று எழுதியிருந்தேன். இதை மறந்தால் எந்த உலோகத்தூள் எந்த எஞ்சினுடையது என்றே தெரியாது. கட்டரால் வெட்டி, மடிப்புக் காகிதத்தை வைஸில் பிழிந்து வெளிச்சத்தில் விரித்தோம். இரண்டிலும் உலோகம் இல்லை. அந்த நிம்மதியில்தான் சிலிண்டரைக் கழற்றாமலே வால்வைத் தேய்த்துச் சரிசெய்ய முயன்று பார்க்க முடிவெடுத்தோம்.

பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்து, வால்வ் உள்ளே விழாமல் தாங்கவைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றினார். வால்வின் தண்டில் ரப்பர் குழாயை மாட்டி, கயிற்றை உருவிவிட்டு, முகத்தில் தேய்ப்புப் பசையைத் தடவி, டிரில்லால் மெதுவாகச் சுழற்றித் தேய்த்தார். பசையைத் துடைத்தெடுக்கவே அரை நாள் ஆனது. அது மிச்சமிருந்தால் எஞ்சினையே தின்றுவிடும்.

மறுபடி சூடேற்றிச் சோதித்தோம்: 73. பத்து மணி நேரம் பறந்தபின் போர்ஸ்கோப்பை விட்டுப் பார்த்தேன். பச்சைப் பிறையைக் காணோம், வளையம் நடுவுக்கு வந்திருந்தது. எட்டு வால்வுகளின் படங்களையும் தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.