வால்ரஸ், பழந்தந்தம், மாமத்: உளிக்கு எது எப்படிப் படிகிறது

அலாஸ்காவின் செயின்ட் லாரன்ஸ் தீவில், கேம்பல், சவூங்கா ஊர்களில், சீல் (கடல்நாய்), பறவை, பனிக்கரடி என்று செதுக்கும் உருவங்கள் பெரும்பாலும் நீண்ட தந்தமுள்ள கடல் பாலூட்டியான வால்ரஸின் தந்தத்தில்தான் பிறக்கின்றன. யானைத் தந்தத்துக்கு இந்த மரபில் இடமில்லை.

முதலில் அறுத்த முனையைப் பாருங்கள். வால்ரஸ் தந்தமென்றால் வெளியே சிமென்டம் என்ற மெல்லிய மேலுறை, அடுத்து டென்டின் என்ற வழவழப்பான வெள்ளைத் தந்தப்பகுதி, நடுவே வேகவைத்த ஜவ்வரிசியை அழுத்தி வைத்ததுபோல் மணிமணியான கரு. இந்தக் கரு எங்கே விழுகிறது என்பதை வைத்தே உருவத்தைத் திட்டமிட வேண்டும். முகமும் கண்ணும் வெள்ளை டென்டினில் அமையட்டும். கரு வயிற்றுப் பக்கம் போகட்டும். கருவில் கீறினால் கோடு சீராக ஓடாது. வேர்ப்பக்கம் உள்ளே குழிவாக இருக்கும், அங்கே ஆழமாகச் செதுக்கினால் ஓட்டை விழும்.

புதுத் தந்தத்தில் ஈரம் உண்டு. வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைத்தால் முனைகள் முந்திக் காய்ந்து நீளவாக்கில் வெடிக்கும். இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் மெல்லக் காயவிடுங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி, அங்குள்ள பழங்குடியினர் வால்ரஸ் வேட்டையாடலாம். புதுத் தந்தத்தைக் கைவினையாக்கிய பிறகே பிறருக்கு விற்கலாம்.

சுழல் கருவியின் முனை ஓரிடத்தில் நின்றால் முடி கருகிய நாற்றம் வரும், பழுப்புத் தழும்பு விழும். உப்புத்தாளை 220, 400, 600, 1000 என்று மேலும் மேலும் நைசான எண்ணுக்கு மாற்றி, நீர் தொட்டுத் தேய்த்தால் சூடும் குறையும், தூசியும் அடங்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் கட்டாயம். கோட்டுச் சித்திரம் வேண்டுமானால், பளபளப்பாக்கிய பிறகே கீறி மை தேயுங்கள். சொரசொரப்பான பரப்பு மையைக் குடித்துவிடும்.

பழந்தந்தம் என்பது பழைய குடியிருப்பு மண்ணில் புதைந்து கிடந்த வால்ரஸ் தந்தம். ஈட்டிமுனை, சறுக்குவண்டியின் அடிக்கட்டை என்று ஒருகாலத்தில் புழங்கிய துண்டுகளும் கிடைக்கும். மண்ணின் தாதுக்கள் ஏறி தேன் நிறம், காப்பி நிறம் வரும். பல துண்டுகளில் அந்த நிறம் மேலோடுதான். அரத்தை ஆழமாக ஓட்டினால் போயே போய்விடும். அந்தத் தோலை உருவத்தின் முதுகில் அப்படியே விட்டுவைப்பதே அழகு.

மாமத் என்பது அழிந்துபோன யானை இனம். அதன் தந்தத்தை அறுத்த முனையில் குறுக்குக் கோடுகள் வலைபோல் ஓடும். வெளிவிளிம்பில் அவை வெட்டும் கோணம் 90 பாகைக்குக் கீழே இருந்தால் மாமத், 115-க்கு மேல் என்றால் யானை. மாமத் தந்தத்தின் தொல்லை, வெங்காயத்தோல் போல அடுக்கடுக்காகக் கழல்வது. விரிசல் தெரிந்தால் மெல்லிய சூப்பர் க்ளூவை உள்ளே இறங்கவிட்டு, நன்றாக இறுகிய பிறகே ரம்பம் வையுங்கள்.