ஞாயிறு காலை ஹீப்ரூ, சனி மதியம் தமிழ்

பிலடெல்பியா புறநகருக்கு நான் குடிவந்த புதிதில் பனி தள்ளுவது எப்படி, வீட்டுக்கடன் எங்கே வாங்குவது, முருங்கைக்கீரை எந்தக் கடையில் கிடைக்கும் என்றெல்லாம் சொல்ல நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பிள்ளைகளை யூத சமயப் பள்ளியில் சேர்த்தால் வீட்டின் வாரம் எப்படி மாறிப்போகும் என்று தமிழில் சொல்ல ஒருவரும் இல்லை. என் கணவர் யூதர், நான் திருச்சிக்காரி. இதே மாதிரி குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே சில இருக்கின்றன. அவர்களில் யாராவது பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து தேடினால் கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி, சேர்த்துக்கொள்வார்களா என்பது. யூத மரபுப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் பிரிவுகள் இன்றும் அப்படித்தான். ஆனால் அமெரிக்காவின் ரிஃபார்ம் பிரிவு 1983-ல், அப்பா அம்மா இருவரில் ஒருவர் யூதராக இருந்து பிள்ளையை யூதப் பிள்ளையாகவே வளர்த்தால் போதும் என்று முடிவெடுத்தது. எங்கள் டெம்பிள் ரிஃபார்ம் (இங்கே ரிஃபார்ம்காரர்கள் தங்கள் வழிபாட்டு இடத்தை டெம்பிள் என்றே சொல்வார்கள், என் அம்மா போனில் இதைக் கேட்டு ரொம்ப நேரம் குழம்பிப்போனார்). சேர்க்கைப் படிவத்தில் தாயின் சமயம் என்ற கட்டத்தில் இந்து என்று எழுதினேன். பள்ளியின் முதல்வர் அதைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

பள்ளி என்றால் தினப்பள்ளி இல்லை. மற்ற நாட்களில் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா வகுப்புகளும், புதன் மாலை மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு ஹீப்ரூ. யூதப் பிள்ளைகளுக்கான இந்த ஞாயிற்றுப் பள்ளி என்கிற ஏற்பாடே எங்கள் ஊரில் பிறந்ததுதான். 1838-ல் ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி பிலடெல்பியாவில் முதல் ஹீப்ரூ ஞாயிற்றுப் பள்ளியைத் தொடங்கினார். சம்பளமில்லாமல் பாடம் நடத்தியவர்கள் பெண்கள், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். சமயக் கல்வி என்றால் ஆண்கள் ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்றிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஞாயிறு காலை முதலில் எல்லோரும் பெரிய கூடத்தில் கூடுவார்கள். கிட்டார் வைத்துக்கொண்டு ஒருவர் பாட, ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்து பதின்மூன்று வயது வரை எல்லோரும் சேர்ந்து பிரார்த்தனை. அப்புறம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு உண்டியல் உண்டு, ஸெதக்கா பெட்டி. வாராவாரம் பிள்ளைகள் சில்லறை கொண்டுபோய்ப் போடுவார்கள், வருடக் கடைசியில் அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று வகுப்பே பேசி ஓட்டுப்போட்டு முடிவு செய்யும். இதைத் தருமம் என்று சொல்லிக்கொடுப்பதில்லை, கடமை என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் மகன் முதல் வருடமே மிருகங்கள் காப்பகத்துக்கு வேண்டும் என்று வகுப்பில் எழுந்து நின்று பேசியிருக்கிறான், வீட்டில் வாயே திறக்காத பிள்ளை.

ஆசிரியர்களுக்குத் துணையாக எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். மத்ரிக்கிம் என்று பெயர். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிக் காட்டுவது, அழுதால் வெளியே அழைத்துப் போய்வருவது எல்லாம் அவர்கள் வேலை. எனக்கு இந்தப் பள்ளியில் மிகவும் பிடித்தது இதுதான். யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தால்முதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 என்றால் ஓர் உதவியாளரை வைக்க வேண்டும், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய நூலில் வகுப்பின் அளவைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். கோயில் கட்டும் வேலைக்காகக்கூடப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தக் கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது.

புதன்கிழமைதான் கஷ்டமான நாள். பள்ளி விட்டு நேராகக் காரில் ஏற்றி, பின் சீட்டிலேயே எதையாவது சாப்பிடவைத்து, சாலை நெரிசலில் போய் இறக்கிவிட வேண்டும். ஹீப்ரூவில் 22 எழுத்துகள், எல்லாம் மெய், வலமிருந்து இடமாக எழுதுவார்கள். உயிர் ஒலிகளைப் புள்ளியாகவும் கோடாகவும் எழுத்தைச் சுற்றி வைப்பார்கள். மற்ற பிள்ளைகள் இதில் தடுமாறியபோது என் மகளுக்கு அது சட்டென்று பிடிபட்டது, ஏனென்றால் கா கி கு என்று எழுதிப் பழகிய கை. தமிழில் எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும், இங்கே புள்ளி வைத்தால்தான் உயிர் வருகிறது என்று அவளே கண்டுபிடித்து வந்து சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஹீப்ரூவை வாசிக்கக் கற்கிறார்களே தவிர பேசக் கற்பதில்லை. பிரார்த்தனையைத் தடதடவென்று வாசிப்பார்கள், ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் மொழிபெயர்ப்புப் பக்கத்தைப் பார்ப்பார்கள். வாரத்தில் சில மணி நேரத்தில் இதற்குமேல் முடியாது என்று பள்ளியும் ஒத்துக்கொள்கிறது. பெற்றோர் கூட்டத்தில் வருடாவருடம் இந்தப் பேச்சு வரும்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பள்ளியில் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்கிறது. இரண்டு மெழுகுவர்த்தி, திராட்சை ரசம், துணி மூடிய ஹல்லா ரொட்டி. கணவர் சின்ன வயதில் செய்தது, கல்லூரிக்குப் போனதும் விட்டுவிட்டார், பிள்ளைகள்தான் வந்து அவரைத் திரும்ப உட்காரவைத்தார்கள். அப்புறம் பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து வாழ்த்துவார்கள். பெண்ணுக்கு சாரா, ரெபெக்கா, ராகேல், லேயாள் போல ஆகு என்று. பையனுக்கு எப்பிராயீம், மனாசே போல ஆகு என்று. இந்த இருவரும் யார் என்று நான் கேட்டேன். யோசேப்பின் மகன்கள், எகிப்தில் பிறந்தவர்கள், அவர்களுடைய தாய் ஆஸ்நாத் ஓர் எகிப்தியப் பூசாரியின் மகள். அந்நிய மண்ணில், அந்நியச் சமயத்தில் வளர்ந்த தாய்க்குப் பிறந்த இரண்டு பையன்களின் பெயரைச் சொல்லித்தான் உலகம் முழுவதும் யூதக் குடும்பங்கள் தங்கள் பையன்களை வாழ்த்துகின்றன. இதைக் கேட்ட பிறகு அந்த மேசையில் நான் விருந்தாளி என்ற நினைப்பு எனக்கு வந்ததே இல்லை.

வகுப்பில் பாடம் நடக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் படித்த பள்ளியில் கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்தால்தான் நல்ல பிள்ளை. இங்கே யூதர்களின் வேதமான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து வாரம் ஒன்றாக ஒரு வருடத்தில் படித்து முடித்து, முடித்த அன்றே முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகளும் அந்தந்த வாரப் பகுதியைப் படிக்கிறார்கள். சோதோம் ஊரை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொல்ல, ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விடுவீரா, நாற்பத்தைந்து இருந்தால், முப்பது இருந்தால் என்று ஆபிரகாம் பேரம் பேசிக்கொண்டே பத்தில் வந்து நிற்கும் கதையை மகளின் வகுப்பில் எடுத்தார்கள். பத்தோடு ஏன் நிறுத்தினார், ஒன்றுவரை ஏன் போகவில்லை என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. ஆசிரியர் கடைசிவரை விடை சொல்லவே இல்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அதே பேச்சு, திருச்சியிலிருந்து அம்மாகூட, "என்னடி, ஒருத்தர் நல்லவரா இருந்தாலும் விட்டுத்தானே ஆகணும்" என்று போனில் தன் பக்கத்தைச் சொன்னார்.

பண்டிகைகளில் பூரிம் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். வேஷம் போட்டுக்கொண்டு வந்து, எஸ்தர் கதையை வாசிக்கும்போது வில்லன் ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை சுற்றிக் காதைப் பிளப்பார்கள். அந்தக் கதையின் முதல் வரியிலேயே அரசன் ஆண்டது இந்தியாவிலிருந்து கூஷ் வரை 127 மாகாணங்கள் என்று வரும். இந்தியா என்ற சொல்லைக் கேட்டதும் மகள் கையைத் தூக்கி எங்கள் அம்மா ஊர் என்று கத்திவிட்டாளாம். அடுத்த ஞாயிறு ஆசிரியர் கொச்சியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தின் படங்களைக் கொண்டுவந்து வகுப்புக்குக் காட்டினார்.

பஸ்காவில் எனக்குப் பெரிய கவலை சோறு. எகிப்திலிருந்து அவசரமாக ஓடியவர்களுக்கு மாவு புளிக்க நேரமில்லை, அதனால் அந்த வாரம் புளித்த ரொட்டி கிடையாது, மட்ஸா என்ற புளிக்காத ரொட்டி மட்டும். கிழக்கு ஐரோப்பா வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பருப்பையும் பல நூற்றாண்டுகளாக ஒதுக்கிவைத்திருந்தார்கள், ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி யூதர்கள் பலர் அரிசி சாப்பிடுவார்கள். கன்சர்வேடிவ் பிரிவே 2015-ல் அரிசி பருப்பு கூடும் என்று சொல்லிவிட்டது, ரிஃபார்மில் அதற்கு முன்பிருந்தே அவரவர் விருப்பம். சரி, இட்லி? அரைத்த மாவு பொங்கிப் புளிக்கிறதே! மகள் இதை வகுப்பில் கேட்க, ஆசிரியர் சந்தோஷமாக டெம்பிளின் குருவான ரபியையே அழைத்துவந்துவிட்டார். புளிப்பு என்று விலக்கப்பட்டது கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் மட்டும்தான், அரிசியும் உளுந்தும் அதில் சேராது என்று அவர் விளக்கினார். இட்லி பிழைத்தது. மாட்டிக்கொண்டது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அதனால் அந்த வாரம் எங்கள் வீட்டுச் சாம்பாரில் பெருங்காயம் கிடையாது, பூண்டு கூடுதல்.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2018 அக்டோபர் 27, ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் மாநிலத்தின் மறுகோடியில் பிட்ஸ்பர்க் ஜெபாலயத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்த ஒருவன், தொழுகைக்கு வந்த 11 பேரைக் கொன்றான். இப்போது எங்கள் டெம்பிளில் ஞாயிறு தோறும் வாசலில் போலீஸ் வண்டி நிற்கும், கதவு பூட்டியிருக்கும், பெயர் சொன்னால்தான் திறக்கும். விளக்கை அணைத்துவிட்டு வகுப்பின் மூலையில் சத்தமில்லாமல் உட்காரும் பயிற்சியை ஆறு வயதுப் பிள்ளைகளும் செய்கிறார்கள். பிள்ளைகளை அனுப்ப வேண்டாமா என்று நானும் கணவரும் விடிய விடியப் பேசினோம். மறு ஞாயிறு போனபோது கார் நிறுத்த இடமில்லை, அத்தனை குடும்பங்களும் வந்திருந்தன. அதன்பின் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பயம் இருக்கிறது, அது போகவும் போகாது.

இவ்வளவும் போய்ச் சேருவது பதின்மூன்று வயதில், பிள்ளை சமயப் பொறுப்புக்கு வயதுவந்ததைக் கொண்டாடும் பாட் மிட்ஸ்வா சடங்குக்கு. பையன்களுக்கு மட்டும் இருந்த சடங்கு, அமெரிக்காவில் 1922 மார்ச்சில் ஜூடித் கப்லான் என்ற பெண் நியூயார்க்கில் தோரா வாசித்ததிலிருந்து மெல்லப் பெண்களுக்கும் வந்தது. தோராவை எழுதிய தோல் சுருளில் உயிர்ப் புள்ளிகளும் இருக்காது, ராகக் குறிகளும் இருக்காது. அதனால் மாதக்கணக்கில் புள்ளியிட்ட தாளை வைத்துப் பழகி, மனதில் ஏற்றிக்கொண்டு, அன்று வெறும் எழுத்தைப் பார்த்து ராகத்தோடு வாசிக்க வேண்டும். தோலில் விரல் படக்கூடாது என்பதால் வெள்ளிக் குச்சி ஒன்றால் வரியைத் தொடர்வார்கள். தாத்தா பாட்டி கையிலிருந்து பெற்றோர் கைக்கு, அங்கிருந்து பிள்ளை கைக்குச் சுருள் போகும் வழக்கம் உண்டு. யூதரல்லாத பெற்றோர் அதில் எங்கே நிற்கலாம் என்பது டெம்பிளுக்கு டெம்பிள் மாறும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்கள் ரபி என்னைக் கணவரின் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். மகள் வாசித்து முடித்ததும் மிட்டாய் எறிவார்கள் என்று தெரிந்ததும், திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா பட்டுப் புடவையோடு எழுந்து நின்று அட்சதை போடுவதுபோலப் போட்டார். ஹீப்ரூவில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, உயிர் என்று பொருள்படும் சொல்லின் கூட்டுத்தொகை 18 என்பதால் மாமியார் வீட்டு மொய்யெல்லாம் 18, 36, 180 டாலர். என் சித்தி மட்டும் 101.

பாட் மிட்ஸ்வாவோடு நிறைய பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், இது எல்லா டெம்பிளிலும் உள்ள கவலை. நிற்காமல் தொடர்பவர்களை இழுத்துவைத்திருப்பது பெரும்பாலும் அந்த மத்ரிக்கிம் வேலைதான் என்பது என் கணிப்பு. என் மகள் புத்தகத்துக்காகப் போகவில்லை, தன்னை நம்பி எழுத்துக் கூட்டும் இரண்டாம் வகுப்புக் குட்டிகளுக்காகப் போகிறாள்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பெரிய பிள்ளைகளைத் துணையாசிரியர்களாக வைக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். இந்த வருடம் மழலை வகுப்பில் ஆரம்பித்திருக்கிறோம். அவர்களுக்குச் சின்னதாகச் சம்பளம் தருவதா, தன்னார்வச் சேவை மணிநேரமாக எழுதிக்கொடுப்பதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. நான் சம்பளம் தர வேண்டும் என்ற பக்கம்.