ஒற்றைத் தலைவலியும் மரபணுத் தேடலும்

மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் உறவுக்காரர் வீடுகளில் ஒற்றைத் தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போடாத வீடு அபூர்வம். பாட்டிக்கு இருந்தது, அம்மாவுக்கும் எனக்கும் தங்கைக்கும் இருக்கிறது. சித்திரை வெயிலின் மேல் பழி போடலாம்தான். ஆனால் அதே வெயிலில் களத்துமேட்டில் நின்று வளர்ந்த அத்தை வீட்டாரில் ஒருவருக்கும் இல்லாததால், இது தாய்வழி வந்தது என்பதே வீட்டாரின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு பாதி சரி. இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழிப்பட்டது என்று இரட்டையரை ஆராய்ந்தவர்கள் கணித்திருக்கிறார்கள். எந்த மரபணு என்று கேட்டால்தான் சிக்கல். வலியோடு உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் அரிய குடும்ப வகைக்கு மட்டும் நேரான விடை உண்டு: 1996, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து அடையாளம் காணப்பட்ட மூன்று மரபணுக்களும் மூளைச் செல்களின் சவ்வு வழியே கால்சியம், சோடியம், பொட்டாசியம் அயனிகள் போய்வருவதை ஆள்பவை, அவற்றில் ஒன்று பழுதானாலே நோய் வரக்கூடும்.

எங்களுக்கு உள்ளதைப் போன்ற பொதுவான வகை அப்படிப்பட்டதன்று. 1,02,084 நோயாளிகளின் மரபணுத் தரவை நோயற்றோரின் தரவோடு ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு, மரபணுத் தொகுதியில் 123 இடங்களைச் சுட்டியது. ஒவ்வொன்றும் வாய்ப்பைச் சிறிதளவே கூட்டுகிறது. வலியைக் கடத்துவதில் பங்குள்ள சிஜிஆர்பி என்ற புரதக்கூறுக்கான மரபணுக்கள் இருக்கும் பகுதியும் அவற்றுள் ஒன்று. சிஜிஆர்பியைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018இலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டன என்பதால், மருந்து முந்திக்கொள்ள மரபணுத் தேடல் பின்னால் வந்து சாட்சி சொன்னது என்றே நான் கருதுகிறேன்.

அந்தத் தரவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணந்துவந்த எங்கள் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இங்குள்ளவர்களை ஆராய்ந்துதான் சொல்ல முடியும்.

ஆகவே, தன் மகளின் எச்சில் மாதிரியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று தங்கை கேட்டபோது வேண்டாம் என்றேன். ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால் பக்கவாதமா என்று அறிய உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது இல்லையென்று உறுதியாகி, வீட்டில் வேறொருவருக்கும் அப்படி வந்திருந்தால், அப்போது நரம்பியல் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கலாம் என்றும் சொன்னேன்.