ஆர்எக்ஸ்-8 பார்க்கப் போனால் எஞ்சினை அணைத்துப் பாருங்கள்

போன மாதம் நண்பரின் தம்பி ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 2005 மாடல், 58,000 மைல்தான் ஓடியிருக்கு, விலையும் குறைவு, எடுக்கலாமா?" என்று கேட்டார். இங்கிலாந்தில் ஒன்பது வருடமாக அதே மாடல் காரைத்தான் வைத்திருக்கிறேன். அதை வாங்குவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்து வேண்டாமென்று விட்டவை நான்கு. அவருக்கு போனில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

மைலை விடுங்கள். இந்த வண்டியில் மைல் கணக்கு பெரிதாக எதையும் சொல்லாது. இதில் இருப்பது ரோட்டரி எஞ்சின், உள்ளே பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி, நடுவில் இடுப்பு ஒடுங்கிய முட்டை போன்ற ஒரு கூட்டுக்குள் சுற்றுகின்றன. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போகும், அதுதான் அபெக்ஸ் சீல். அது தேய்ந்தால் கம்ப்ரஷன், அதாவது காற்றையும் பெட்ரோலையும் அழுத்திப் பிடிக்கும் பலம், போச்சு, கம்ப்ரஷன் போனால் எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கட்ட வேண்டும், அதற்குச் சில ஆயிரம் பவுண்டுகள் ஆகும். பல நேரம் வண்டி விலையைவிட அதிகம். வாரத்துக்கு இருமுறை கடைக்கு மட்டும் போய் வந்த 40,000 மைல் வண்டியைவிட, நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடிய 90,000 மைல் வண்டி நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நான் பார்த்த மூன்றாவது வண்டியைச் சொல்ல வேண்டும். நீல நிறம், உள்ளே தோல் இருக்கை, பின்கதவு பின்பக்கமாகத் திறக்கும் அந்த அழகைப் பார்த்ததும் மனசு பாதி விழுந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, "உங்களுக்காகச் சூடுபண்ணி வைத்தேன்" என்றார் விற்பவர். இருபது நிமிடம் ஓட்டினேன். எஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்று வரை தயக்கமே இல்லாமல் ஏறியது, குறையே சொல்ல முடியாது. திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க் ஒன்று தெரிந்ததும், "என் செலவில் கொஞ்சம் போட்டுவிடுகிறேன்" என்றேன். வேண்டாம், வேண்டாம் என்றார். நான் உள்ளே திருப்பி எஞ்சினை அணைத்தேன். பத்து பவுண்டுக்குப் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. பெட்ரோல் வாடை மட்டும் குப்பென்று வந்தது. கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் வண்டி உயிர் பெற்றது, அதுவரை அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் இதுதான். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும், தேய்ந்த சீலின் இடைவெளியை அது ஓரளவு அடைத்துவிடும், வண்டி சட்டென்று பிடிக்கும். சூட்டில் ஆயில் நீர்த்துவிடும், அப்போது சீல் தன் சொந்த பலத்தில் நிற்க வேண்டும். ஆகவே முதலில் முழுக்க ஆறிய வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், அரை மணி நேரம் ஓட்டுங்கள், அணைத்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் பிடிக்க வேண்டும். ஆரம்ப கால வண்டிகளில் ஸ்டார்ட்டரே கொஞ்சம் மெதுவானது, பின்னால் வேகமானதைப் போட்டார்கள். புது ஸ்டார்ட்டரும் புது பேட்டரியும் சேர்ந்து இருந்தால் அவற்றை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள், நோயை மறைக்கவும் அதைத்தான் செய்வார்கள்.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட். இது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் இருக்கும் சாதாரண மீட்டர் உதவாது, ஒரு ரோட்டருக்கு மூன்று பக்கம் இருக்க அது மூன்றிலும் அதிகமானதை மட்டும்தான் காட்டும். செத்துப்போன பக்கம் வெளியே தெரியவே தெரியாது. ரோட்டரி எஞ்சினுக்கென்றே இருக்கும் கருவியில் ஆறு எண்கள் வரும். ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும் கணக்கில், சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ என்பது நல்ல எஞ்சின், 6.9 என்பது மாஸ்டா வைத்திருக்கும் கடைசி எல்லை. ஒரே ரோட்டரின் மூன்று எண்களுக்குள் 1.5-க்கு மேல் வித்தியாசம் கூடாது, இரண்டு ரோட்டர்களுக்கு நடுவே 1.0-க்கு மேல் கூடாது. எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள், டெஸ்ட் செய்த தேதியோடு. "பாஸ்" என்று மட்டும் எழுதிய காகிதம் காகிதம்தான்.

ஆயில் பற்றிக் கேட்கும்போது பதிலைக் கவனியுங்கள். இந்த எஞ்சின் சீலுக்கு மசகாகக் கொஞ்சம் ஆயிலை எரி அறைக்குள்ளேயே விடும், அதன் அமைப்பே அப்படி. "ஒரு சொட்டு ஆயில்கூடக் குடிக்காது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், ஒன்று அவர் அளவுக்குச்சியைப் பார்த்ததே இல்லை, அல்லது ஆயிலை அப்படி உள்ளே விடும் பம்ப் வேலை செய்யவில்லை. டிக்கியில் பாதி தீர்ந்த ஆயில் கேன் கிடந்தால் எனக்குச் சந்தோஷம், பார்த்துப் பார்த்து ஊற்றியவர் என்று அர்த்தம். ஆயில் மூடிக்கு அடியில் தயிர் ஏடு போல வெள்ளையாகப் படிந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம், குளிர் நாட்டில் நீராவி படிந்து அப்படி ஆவது சகஜம். ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைகிறதா, எஞ்சின் ஓடும்போது கூலண்ட் டப்பாவில் குமிழி வருகிறதா என்று பாருங்கள், வந்தால் உள் சீல் போயிருக்கும், விட்டுவிடுங்கள். சூடு காட்டும் முள்ளை நம்ப முடியாது. அது நடுவிலேயே நிற்கும், நகரும்போது காலம் கடந்திருக்கும்.

தீப்பொறி போடும் ப்ளக் நான்கு, அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் நான்கு. கடைசியாக எப்போது மாற்றினார்கள், ரசீது இருக்கிறதா? காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும், அது உருகி அடைத்துக்கொள்ளும், வெளியேற வழியில்லாத சூடு திரும்பி சீலைத் தின்னும். ஒரு சின்ன காயிலை மாற்றாமல் விட்டதால் செத்த எஞ்சின்கள் நிறைய.

மற்றது சுருக்கமாக. பின்சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழும் துரு, முன்னால் இருக்கும் ஆயில் கூலர் குழாய்களில் துரு, கிளட்ச் பெடல் தாங்கியில் விரிசல், இரண்டாவது கியரில் கரகரப்பு. எம்ஓடி (இங்கே வண்டிக்கு வருடாவருடம் நடக்கும் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசாங்கத் தளத்தில் நம்பர் போட்டு இலவசமாகப் பார்க்கலாம், புகைச் சோதனையில் தோற்றிருக்கிறதா என்று தேடுங்கள். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டிக்குச் சாலை வரி நன்றாகக் குறையும். சக்தி குறைந்த 192 குதிரைத்திறன் மாடலைப் பலர் ஒதுக்குகிறார்கள், எனக்கு அது புரியவில்லை, தினமும் ஓட்ட அருமையான வண்டி.

தம்பி அந்த 58,000 மைல் வண்டியை டெஸ்டுக்குக் கொண்டுபோனார். முன் ரோட்டர் 7.6, 7.7, 7.5. பின் ரோட்டர் 7.2, 5.3, 5.4. ஒரு முனை சீல் போனால் அதன் இருபுறமும் உள்ள இரண்டு பக்கங்களும் இப்படித்தான் சேர்ந்து இறங்கும். வேண்டாமென்று விட்டார், முகம் வாடித்தான் இருந்தது. வரும் சனிக்கிழமை இன்னொன்று பார்க்கப் போகிறோம். நாங்கள் வந்து சேரும்வரை வண்டியைத் தொட வேண்டாம், பானெட் சில்லென்று இருக்கட்டும் என்று விற்பவரிடம் சொல்லியிருக்கிறோம்.