எங்கள் பிபிஆர் வீடுகளில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பு

கோலாலம்பூர் செந்தூலில் பிபிஆர் எனப்படும், குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறோம். இனிப்பு நீர் (நீரிழிவு) போன்றவற்றுக்கான சிகிச்சையை யார் பாதியில் விட்டுவிட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அந்த விவரத்தோடு பக்கத்து அரசு கிளினிக்கில் போய்ப் பேசினோம். மற்ற குடியிருப்புகளிலும் இதைச் செய்ய முடியும் என்பதால் எழுதுகிறேன்.

நாட்டுக்கென்று கணக்கு இருக்கத்தான் செய்கிறது. சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அதைவிட அதிகம். ஆனால் அது நாடு முழுக்கச் சில குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் ஆய்வு. எங்கள் புளோக்கில் மாத்திரை ஏன் மிஞ்சுகிறது என்பது அதில் வராது. அதை நாங்கள்தான் கேட்டாக வேண்டும்.

கேள்வித்தாளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. "இனிப்பு நீர் இருக்கிறதா?" என்று கேட்டால், பரிசோதித்தே பார்க்காதவரும் "இல்லை" என்பார். அதனால் "கடைசியாக எப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள்?" என்று வைத்தோம். அப்புறம், "கிளினிக் போகாமல் விட்டதற்கு என்ன காரணம்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுத இடம் விட்டோம். என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்விக்காகவே மொத்தக் கணக்கெடுப்பையும் செய்யலாம். தாளைத் தமிழிலும் மலாயிலும் அச்சடித்தோம். பெயரோ வீட்டு எண்ணோ வாங்கவில்லை. மாடியை மட்டும் குறித்தோம். அதைச் சொன்ன பிறகுதான் பலர் மனம்விட்டுப் பேசினார்கள்.

மாலையில் மட்டும் போனால் பாட்டிகளும் பிள்ளைகளும்தான் கதவைத் திறப்பார்கள். இரவு வேலைக்குப் போகும் காவலாளிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் விடுபட்டுப்போவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பகலையும் சேர்த்துக்கொண்டோம்.

அப்படிப் பார்த்தவர்தான் மேல் மாடி ஆண்ட்டி. இரவில் ஆபீஸ் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. மருந்து எடுக்கிறீர்களா என்றதற்கு, "எடுக்கிறேனே" என்றார். காட்டச் சொன்னதும் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் மாத்திரை அட்டைகள், பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. "காலைல சாப்பிட்டு ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டு ஒண்ணுன்னாங்க. நான் ராத்திரி சாப்பிடறதே ரெண்டு மணிக்கு, வேலை எடத்துல. அப்ப எப்படிம்மா போடறது?" இவரை அலட்சியமானவர் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அந்த வேலை நேரத்துக்கு மாத்திரையை எப்படிப் பிரித்து எடுப்பது என்று ஒருவரும் அவரோடு உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

தாள்களைத் தொகுத்தபோது இதே கதை பல மாடிகளிலிருந்தும் வந்தது. அரசு கிளினிக்கின் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் யாருக்கும் பாரமில்லை. அங்கே போய்க் காத்திருந்தால் அரை நாள் சம்பளம் போய்விடுகிறதே, அதுதான் பாரம். முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்ட் பழுதான நாளெல்லாம் வீட்டோடு சரி.

கிளினிக்குக்குப் போவதற்கு முன் முடிவுகளைக் கீழ்த்தள மண்டபத்தில் குடியிருப்பாளர்களிடமே வாசித்துக் காட்டினோம். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அங்கேதான் ஒருவர், குறைந்த வருமானத்தினருக்கான பேகா பி40 என்ற இலவச உடல்நலப் பரிசோதனை தனக்கும் உண்டா என்று கேட்டார். எஸ்.டி.ஆர். எனும் அரசு பண உதவி பெறுவோரும் அவர்களின் துணைவரும் 40 வயதானால் அதற்குத் தகுதி பெறுகிறார்கள். மண்டபத்தில் பலருக்கு அது புதுச் செய்தி.

கிளினிக்குக்கு ஒரே பக்கம்தான் கொண்டுபோனோம். மருந்தாளுநர் ஒருவர் மாலையில் எங்கள் மண்டபத்துக்கு வர வேண்டும், மாதாந்திர மருந்தை அஞ்சலில் பெற அங்கேயே பதிவு செய்து தர வேண்டும். இந்த இரண்டை மட்டும் கேட்டோம். ஆளுக்கொரு புகாராக வந்திருந்தால் கேட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள். எந்த மாடியில் என்ன சிக்கல் என்று தாளில் இருந்ததால் அங்கேயே தேதி குறித்தார்கள். மருந்தாளுநர் வந்தார். ஆண்ட்டி டின்னோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வேலை நேரத்தைக் கேட்டு, எந்தச் சாப்பாட்டோடு எந்த மாத்திரை என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்தார்.

லிஃப்ட் விஷயம் கிளினிக்கின் கையில் இல்லை. அதற்கான விவரத்தைத் தனித் தாளாக எடுத்துப் பராமரிப்பு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.